காகிதம் ஒட்டிய பொம்மை வீடு

நுஸைபாவுக்கு இத்தா முடிந்த அன்று காலையில் ரமீஜா செய்த முதல் வேலை, ஜன்னல்களில் ஒட்டியிருந்த செய்தித்தாள்களைக் கிழித்துப் போட்டதுதான். புருஷன் இறந்துபோனால் பெண் நாலு மாதம் பத்து நாள் அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் வீட்டோடு இருக்க வேண்டும், அதுதான் இத்தா. அதற்காக ஜன்னல் கண்ணாடியில் பேப்பர் ஒட்ட வேண்டும் என்று எந்தக் கிதாபிலும் இல்லை. பள்ளிவாசல் ஹஸ்ரத்தே ஒரு தடவை சொல்லிப் பார்த்தார், ஒரு திரையைத் தொங்கவிட்டால் போதாதா என்று. யார் கேட்டது? இந்தத் தெருவில் ஜன்னலுக்குப் பேப்பர் ஒட்டாமல் ஒருத்தி இத்தா இருந்தால் அவள் இருந்த கணக்கே இல்லை. ரமீஜா தெருப் பேச்சுக்கு இடம் கொடுக்கிறவள் அல்ல. தங்கச்சிக்காகக் கீரமங்கலத்து வீட்டைப் போட்டுவிட்டு வந்தவள், மைதாவைக் கஞ்சி மாதிரி காய்ச்சி, வீட்டிலிருந்த ஜன்னல் அத்தனையையும் தன் கையாலேயே அடைத்தாள். இப்போது அதே கை வெந்நீரைத் தெளித்துத் தெளித்துத் தோசைக் கரண்டியால் சுரண்டிக்கொண்டிருந்தது. அவளைப் பார்த்தால் விடுதலை தங்கச்சிக்கா அக்காவுக்கா என்று சந்தேகம் வரும்.

ரிஃபானா ஒன்றாம் வகுப்பு. யூனிஃபார்ம் போட்டு, பையை மாட்டிக்கொண்டு வேனுக்குக் காத்திருந்தவள், சுரண்டுகிற சத்தம் கேட்டு உள்ளே ஓடிவந்தாள். வந்த வேகத்தில் பெரியம்மாவின் கையைப் பிடித்துத் தொங்கினாள்.

"கிழிக்காதீங்க பெரியம்மா! வேணாம், கிழிக்காதீங்க!"

"ஏ, விடு புள்ள, வெந்நி மேல கொட்டிரப் போகுது. அம்மாவுக்குத்தான் ஒடம்பு நல்லாயிருச்சுல்ல. இனிமே வெளிச்சம் வந்தாத்தானே வீடு வீடா இருக்கும்."

"திரும்ப ஒட்டுங்க! இப்பவே ஒட்டுங்க!"

வெளியே வேன் ஹாரன் அடித்தது. ரமீஜா அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு போய் வேனுக்குள் திணித்துவிட்டு வந்தாள். நுஸைபா பாதி கிழிந்த ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். இத்தனை மாதத்துக்குப் பிறகு அந்த ஜன்னல் வழியாக அவள் பார்த்த முதல் காட்சி, வேனின் கம்பிக்குப் பின்னால் இருந்து இதே ஜன்னலை வெறித்துப் பார்த்துக்கொண்டு போன மகளின் முகம். அவ்வளவு கத்தியும் அந்தக் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. அது அழுது நுஸைபா பார்த்தே வெகு காலமாகிவிட்டது. ஒரு நாள் பள்ளிக்கூடத்தில் விழுந்து முழங்காலைத் தோல் உரியச் சிராய்த்துக்கொண்டு வந்தபோதும் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றதே தவிர அழவில்லை. "வளந்துட்டா" என்று ரமீஜா பெருமைப்பட்டாள்.

நுஸைபாவின் புருஷன் சாதிக் பாட்சா ஷார்ஜாவில் ஏசி மெக்கானிக்காக இருந்தான். ஒரு வெள்ளிக்கிழமை காலையில் அறையில் இருந்தவர்கள் தொழுகைக்கு எழுப்பினார்கள், அவன் எழுந்திருக்கவில்லை. அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். செய்தி ஜெகதாப்பட்டினத்துக்கு வந்ததும், வீட்டில் கூட்டம் கூடுவதற்குள் ரமீஜாவின் புருஷன் ஹாஜா முகைதீன் வந்து ரிஃபானாவைப் பைக்கில் முன்னால் உட்கார வைத்துக் கீரமங்கலத்துக்குக் கொண்டுபோய்விட்டார். ஓலமெல்லாம் அடங்கிய பிறகுதான் திரும்பக் கொண்டுவந்தார். பிள்ளைக்கு இப்போது ஒன்றும் சொல்ல வேண்டாம், இத்தா முடியட்டும் என்று பெரியவர்கள் கூடி முடிவு செய்தார்கள். முடிவு செய்ததில் அவர்களுக்கு ஒரு கஷ்டமும் இல்லை, சொல்லப் போகிறவள் நுஸைபாதானே.

ஆக, பிள்ளைக்கு இரண்டு கதைகள் தயாராயின. அத்தாவைக் கம்பெனி வேறு ஊருக்கு அனுப்பிவிட்டது, அங்கே டவர் கிடையாது, அதனால் போன் வராது. இது ஒன்று. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, வெளிச்சம் படக்கூடாது, வெளியாட்களைப் பார்க்கக்கூடாது. இது இன்னொன்று. இத்தோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. ரமீஜா பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டு, விரலை ஆட்டி, "அம்மாகிட்ட அத்தாவப் பத்தி ஒரு வார்த்த பேசக் கூடாது, கேட்டியா? பேசினா அம்மாவுக்கு ரொம்ப முடியாமப் போயிரும்" என்று சொல்லி வைத்தாள். அப்படியே உள்ளே போய்த் தங்கச்சியிடம், "அது முன்னாடி கண்ணக் கசக்கிக்கிட்டு நிக்காத. நீ அழுதா அது கண்டுபிடிச்சுரும்" என்றாள். இரண்டு பேரும் அவள் சொன்னதை அட்சரம் பிசகாமல் கேட்டார்கள். தாயும் மகளும் ஒரே அறையில், ஒரே பாயில், ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துச் சிரித்துக்கொண்டு கிடந்தார்கள்.

ரிஃபானா ஒரு தடவைகூட அத்தாவைக் கேட்கவில்லை. ஆரம்பத்தில் நுஸைபாவுக்கு அது நிம்மதியாக இருந்தது. போகப் போக வலித்தது. தினமும் வீடியோ காலில் அந்த மனுசனோடு பல் துலக்கி, அந்த மனுசனோடு சோறு தின்ற பிள்ளை, போன் நின்றதும் அவனையும் மறந்துவிட்டதா? பெற்ற தகப்பனை இவ்வளவு சீக்கிரம் மறக்குமா ஒரு பிள்ளை? பேப்பர் ஒட்டிய அறைக்குள் படுத்துக்கொண்டு மகளை நினைத்து அவள் மனம் கசந்த நாட்கள் உண்டு. அதை யாரிடமும் சொல்லவில்லை.

இன்று சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு தெருப் பெண்கள் மௌத்தானவருக்காக யாசீன் ஓத வருகிறார்கள். வந்தால் வாய் சும்மா இருக்காது. ஒருத்தி கட்டிப்பிடித்து அழுவாள், ஒருத்தி பிள்ளையின் தலையைத் தடவி, தகப்பன் முகம் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லையே என்பாள். வேன் நாலு மணிவாக்கில் வரும். அதற்கும் அந்தப் பெண்கள் வருவதற்கும் இடையில் இருக்கிற கொஞ்ச நேரத்தில் ரிஃபானாவிடம் சொல்லியாக வேண்டும்.

"நீ சொல்றியா, நான் சொல்லவா?" என்று ரமீஜா கேட்டாள்.

"நான் சொல்றேன்க்கா."

"எப்படிச் சொல்லுவ?"

அதுதான் நுஸைபாவுக்கே தெரியவில்லை. அறை முழுக்க வெளிச்சமாகிவிட்டது. அந்த வெளிச்சத்தில் மூலையில் ஒன்றே ஒன்று மட்டும் இன்னும் இத்தா இருந்தது. அலமாரிக்குப் பக்கத்தில், ஸ்டூலின் மேல், ரிஃபானாவின் பொம்மை வீடு.

சாதிக் கார்கோவில் போட்டு அனுப்பிய கடைசிச் சாமான் அது. இளஞ்சிவப்புக் கூரை, ஒரு மாடி, முன்பக்கம் நாலு ஜன்னல், ஜன்னலுக்குக் கண்ணாடி மாதிரி மெல்லிய பிளாஸ்டிக். பின்பக்கச் சுவர் கதவு போலத் திறக்கும். அத்தா, அம்மா, மகள் என்று விரலளவு மூன்று பொம்மைகள். எல்லாம் துண்டு துண்டாகத்தான் வந்தது. அவன் போனில் இருந்தபடி சொல்லச் சொல்ல அம்மாவும் மகளும் தரையில் உட்கார்ந்து மாட்டினார்கள். "ஏ நுஸைபா, கதவு வானத்தப் பாத்து இருக்கு பாரு. ஒன் வீட்டுக்கு ஆளு எப்படி வரும், பறந்தா?" என்று அவன் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தவன் எழுந்து வந்து எட்டிப் பார்த்தான். ஜன்னலை ஒட்டும்போது மட்டும் சாதிக் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னான், "பசைய லேசாத் தொட்டு வையி. பூசிறாத. பிளாஸ்டிக் பாழாப் போயிரும்." ஒட்டியது போக மிச்சப் பசை அந்த டியூபிலேயே இருந்தது.

வீட்டு ஜன்னலை ரமீஜா அடைத்த அதே வாரத்தில் ரிஃபானா இந்த ஜன்னல்களை அடைத்தாள். பெரியம்மாவின் மைதாப் பசை பிளாஸ்டிக்கில் நிற்கவில்லை. அதனால் டியூபைத் தேடியெடுத்து, மிச்சத்தையெல்லாம் பிதுக்கி, பேப்பரைக் கிழித்துக் கிழித்து ஒட்டினாள். பிள்ளை பார்த்ததைச் செய்கிறது என்று பெரியவர்கள் சிரித்தார்கள்.

பொம்மை வீட்டைப் பார்த்துக்கொண்டு நின்றபோது நுஸைபாவுக்கு ஒரு வழி தோன்றியது. இந்த ஜன்னல்களையும் திறந்துவிடுவோம். சுத்தமாகத் துடைத்து, மூன்று பொம்மையையும் உள்ளே வைத்து, பிள்ளையை மடியில் உட்கார வைத்து, அத்தா பொம்மையைக் கையில் எடுத்துச் சொல்வோம். வெறும் வாயால் சொல்ல அவளால் முடியாது. கையில் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டும். ரமீஜா சமையலுக்குப் போனதும் பொம்மை வீட்டைத் தூக்கி ஜன்னலோரம் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

முதலில் பின்சுவரைத் திறந்து பார்த்தாள். உள்ளே இருட்டாக இருந்தது. மாடி அறைக் கட்டிலில் அம்மா பொம்மை படுத்திருந்தது, கழுத்துவரை ஒரு துணி போர்த்தி. அறை வாசலில் மகள் பொம்மை, உள்ளே பார்க்காமல் வெளியே பார்த்து உட்கார வைக்கப்பட்டிருந்தது. காவல்காரன் மாதிரி. அத்தா பொம்மையைக் காணோம். கட்டிலுக்கு அடியில், படிக்கட்டில், ஸ்டூலுக்குக் கீழே எல்லாம் தேடிவிட்டாள். கிடைக்கவில்லை. பொம்மை வீட்டில்கூடப் பயணம் போய்விட்டான் என்று நினைத்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்து, வந்த சிரிப்பு பாதியில் நின்றது. சரி, இரண்டு பொம்மையை வைத்துத்தான் சொல்ல வேண்டும்.

ஈரத்துணியை வைத்து ஊறவிட்டதும் பேப்பர் கூழாகி வந்தது. பசை வரவில்லை. பேப்பர் போன இடமெல்லாம் மஞ்சளும் பழுப்புமாகக் கட்டி கட்டியாகத் தெரிந்தது, அதில் செய்தித்தாளின் எழுத்துகள் தலைகீழாகப் பதிந்து கிடந்தன. சோப்பு நீர் போட்டுத் தேய்த்தாள். ஒன்றும் அசையவில்லை. நகத்தால் சுரண்டினாள், நகம்தான் மடங்கியது. கத்தி முனையை வைத்ததும் பிளாஸ்டிக்கில் கீறல் விழ, சட்டென்று எடுத்துவிட்டாள்.

தேங்காய் எண்ணெயைத் தொட்டுப் பார்க்கலாம் என்று பட்டது. பாத்திரக் கடை ஸ்டிக்கர் பிசினுக்கு அவள் அதைத்தான் செய்வாள். எண்ணெயைத் தடவி, கொஞ்ச நேரம் விட்டு, விரல் நுனியால் வட்டம் வட்டமாகத் தேய்த்தாள். பசையின் ஓரம் மெல்ல இளகியது. அழுக்கு உருண்டை மாதிரிச் சுருண்டு சுருண்டு வந்தது. உருட்டி எடுத்து, துடைத்து, மறுபடி எண்ணெய் தடவி, மறுபடி காத்திருந்து, கீழ் ஜன்னல் ஒன்று தெளிந்தபோது மதியத்து லுஹர் பாங்கு சொல்லிவிட்டார்கள். தொழுதுவிட்டு வந்து அடுத்த ஜன்னலைத் தொடங்கினாள்.

கை எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவக் கொல்லைப்பக்கம் போனாள். மதிலுக்கு அந்தப் பக்கம் செவந்தி கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். அடுத்த வீடு, விசைப்படகுக்காரர் மலையாண்டியின் பெண்சாதி. நுஸைபாவைக் கண்டதும் கையில் இருந்ததை அப்படியே போட்டுவிட்டு மதிலோரம் வந்தாள்.

"ஆத்தா! மொகத்தப் பாத்து எத்தன நாளாச்சு. எளைச்சுப் போயிட்டியே தாயி."

"இருக்கேன்க்கா."

"ஒம்மவதான் ஒன்னய நல்லாக் காத்தா. ஒரு நா இங்கிட்டு நின்னு, அம்மா எப்படிடா இருக்கு, பாவம் சாதிக் தம்பி இருந்தா இப்படி விட்டிருக்குமான்னு கேட்டேன் பாரு. ஓடியாந்து, வெரல வாயில வச்சு, 'உஷ், மெதுவா, அம்மாவுக்குக் கேட்டுரும்'னுச்சு. இம்புட்டுக்கூண்டு இருந்துக்கிட்டு என்னய மிரட்டுது!" செவந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

நுஸைபாவும் சிரித்தாள். தூங்குகிற அம்மாவை எழுப்பக் கூடாது என்று சொல்லியிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். நினைத்தது எவ்வளவு தப்பு என்று தெரிய அவளுக்கு இன்னும் ஒரு பொழுது பாக்கி இருந்தது.

மூன்று ஜன்னல் முடிந்தது. மிஞ்சியது மாடி அறையின் ஜன்னல், அம்மா பொம்மை படுத்திருக்கிற அறை. ரிஃபானா அதற்குத்தான் பேப்பரையும் பசையையும் அள்ளி அப்பியிருந்தாள், அடுக்கடுக்காக. எண்ணெய் மேலாக ஓடியதே தவிர உள்ளே இறங்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்றைத் தாண்டிவிட்டது. இது ஒன்று முடியாமல் எப்படிச் சொல்வது? மூன்று ஜன்னல் திறந்து ஒரு ஜன்னல் அடைத்திருக்கிற வீட்டை மடியில் வைத்துக்கொண்டு அந்தப் பேச்சை எடுக்க அவளுக்குத் தைரியம் இல்லை.

அப்போதுதான் பீரோவுக்குள் இருந்த நெயில் பாலிஷ் ரிமூவர் நினைவுக்கு வந்தது. சாதிக் லீவில் வரும்போதெல்லாம் நெயில் பாலிஷ் வாங்கி வருவான், கூடவே இதையும் வாங்கி வருவான். நகத்தில் பூச்சு இருந்தால் தொழுகைக்கு முன் கை கால் கழுவுகிற ஒளு கூடாது, தொழ முடியாது. "ஒனக்கும் ஆசை, அல்லாவுக்கும் பொருத்தம்" என்று இரண்டையும் சேர்த்து நீட்டுவான். இத்தாவில் அலங்காரம் ஆகாது என்பதால் பாட்டில் திறக்காமல் கிடந்தது. நகத்தில் இறுகிப் போனதையே ஒரு இழுப்பில் எடுக்கிறது, பிளாஸ்டிக்கில் இருக்கிறதை எடுக்காதா? அவள் நியாயம் அவ்வளவுதான். அவசரத்தில் இருக்கிறவர்களுக்கு எல்லா நியாயமும் சரியாகத்தான் படும்.

பஞ்சில் நனைத்து ஜன்னலில் வைத்து அழுத்தினாள். பசை உடனே கரைந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்று வாய் சொல்லி முடிப்பதற்குள் பஞ்சு ஒட்டிக்கொண்டது. இழுத்தாள். பஞ்சோடு சேர்ந்து ஜன்னலும் நூல் நூலாக வந்தது. பதறிப்போய் முந்தானையால் துடைத்தாள், துடைக்கத் துடைக்கப் பரவியது. கரைந்தது பசை மட்டும் அல்ல. காய்ந்தபோது அந்த ஜன்னல் முழுக்கப் பால் கொட்டிய மாதிரி வெளுத்து, மேடும் பள்ளமுமாகச் சுருங்கியிருந்தது. இனி எந்த எண்ணெயும் அதைத் தெளிய வைக்காது.

*பூசிறாத. பிளாஸ்டிக் பாழாப் போயிரும்.* அவன் சொன்ன குரல் அப்படியே காதில் கேட்டது.

நுஸைபா அழுதாள். புருஷன் போன அன்று அழுத பிறகு இப்படி வாய்விட்டு அழவே இல்லை. பிள்ளை பள்ளிக்கூடத்தில் இருக்கிறது, யாருக்காகவும் அடக்க வேண்டியதில்லை. அவன் கடைசியாக அனுப்பியதைத் தன் கையாலேயே பொசுக்கிவிட்டோமே என்று அழுதாள். இதைப் பார்த்துப் பிள்ளை என்ன பாடு படப் போகிறது, அதற்கு மேல் அந்தச் செய்தியை வேறு எப்படிச் சொல்லப் போகிறோம் என்று அழுதாள். ரமீஜா அடுக்களையில் இருந்து வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள். பிறகு வேன் சத்தம் கேட்டது. நுஸைபா முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

ரிஃபானா செருப்பைக் கழற்றாமல் உள்ளே வந்தாள். பையையும் இறக்கவில்லை. வெறும் கண்ணாடியாக நின்ற ஜன்னல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். காய்ச்சல் இருக்கிறதா என்று டாக்டர் பார்க்கிற மாதிரி இருந்தது அந்தப் பார்வை.

"யாராச்சும் வந்தாங்களா?"

"இல்லயே. ஏன்?"

"ஒன்கிட்ட யாரும் பேசலயே?"

"செவந்தியக்காகிட்ட ரெண்டு வார்த்த பேசினேன்."

பிள்ளையின் முகம் மாறியது. "என்ன பேசினாங்க?"

"எளைச்சுட்டேன்னு சொன்னாங்க. வா, இங்க வந்து ஒக்காரு. ஒன் வீட்டத் தொறந்துட்டேன் பாரு." சொல்லும்போதே நுஸைபாவின் குரல் இறங்கிவிட்டது. "ஒரு ஜன்னல மட்டும் அம்மா கெடுத்துட்டேன் ரிஃபா. தெரியாமப் பண்ணிட்டேன். அம்மாவ மன்னிச்சுரு."

ரிஃபானா குனிந்து பொம்மை வீட்டைப் பார்த்தாள். தெளிந்த ஜன்னல்களைப் பார்த்ததும் புருவம் சுருங்கியது. பொசுங்கிய ஜன்னலுக்கு வந்ததும் கையை நீட்டித் தொட்டாள். அதற்குப் பின்னால் ஒரு விரலை ஆட்டிப் பார்த்தாள். விரல் தெரியவில்லை. நுஸைபா கத்தலை எதிர்பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளை பெருமூச்சு விட்டாள்.

"இது நல்லாருக்கும்மா. இதுல ஒண்ணும் தெரியல."

துடைக்கும்போது நுஸைபா கீழே இறக்கி வைத்திருந்த அம்மா பொம்மையை ரிஃபானா எடுத்து, மாடி அறைக்கே கொண்டுபோய், வெளுத்த ஜன்னலுக்குப் பின்னால் படுக்க வைத்தாள். துணியைக் கழுத்துவரை போர்த்திவிட்டாள். மகள் பொம்மையை மறுபடி வாசலில், வெளியே பார்த்து உட்கார வைத்தாள்.

இன்னும் கொஞ்ச நேரத்தில் பெண்கள் வந்துவிடுவார்கள். இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் இல்லை. மகளை இழுத்து மடியில் உட்கார வைத்துக்கொண்டாள்.

"ரிஃபா, அம்மா ஒண்ணு சொல்லணும். அத்தா..."

ரிஃபானா சட்டென்று திரும்பி, இரண்டு கைகளாலும் காதைப் பொத்தினாள். தன் காதை அல்ல, அம்மாவின் காதை. பலம் கொண்ட மட்டும் அழுத்தினாள்.

"பேசாத! அதப் பத்திப் பேசக் கூடாது. ஒனக்கு முடியாமப் போயிரும்!"

பொத்திய காதுக்குள் இரைச்சலாக இருந்தது. அந்த இரைச்சலுக்குள் உட்கார்ந்துகொண்டு நுஸைபா மகளின் முகத்தைப் பார்த்தாள். அவ்வளவு பக்கத்தில், பயந்து போயிருந்தது அந்த முகம். தனக்காகப் பயந்த முகம் அல்ல. உஷ், அம்மாவுக்குக் கேட்டுரும். கிழிக்காதீங்க பெரியம்மா. வாசலில் வெளியே பார்த்து உட்கார்ந்திருக்கும் பொம்மை. ஒவ்வொன்றாக வந்து அவள் முன்னால் நின்றது. மெதுவாக அந்தச் சின்னக் கைகளைக் காதில் இருந்து எடுத்தாள்.

"எனக்கு எது தெரிஞ்சுரும்னு பேப்பர் ஒட்டுன?"

"ஒண்ணுமில்ல."

"ஒனக்குத் தெரியுமா தங்கம்?"

"எனக்கு ஒண்ணும் தெரியாது." பிள்ளை தரையைப் பார்த்தது. பெரியவர்களைவிட நன்றாகவே பொய் சொன்னது.

"அம்மாவுக்குத் தெரியும்" என்றாள் நுஸைபா. "அத்தா மௌத்தாயிட்டாங்க ரிஃபா. அம்மாவுக்குத் தெரியும்."

ரிஃபானா மடியில் இருந்து துள்ளி எழுந்தாள். அப்படி ஒரு கோபத்தை அந்த முகத்தில் நுஸைபா பார்த்ததே இல்லை.

"யாரு சொன்னா? செவந்தியத்தையா? நான் அவங்கள்ட்ட சொல்லாதீங்கன்னு சொன்னேன்! யாரும்மா ஒன்கிட்ட சொன்னா?"

"யாரும் இன்னைக்குச் சொல்லலடா. ஒனக்கு யாரு சொன்னா?"

"பெரியப்பா. பைக்ல போறப்ப போன்ல பேசினாங்க. சாதிக் மௌத்துன்னு. எனக்குக் கேட்டுச்சு." கோபத்தில் மூச்சு வாங்கியது. "திரும்பி வந்தா, ஒன்னய ரூமுக்குள்ள வச்சு ஜன்னலெல்லாம் ஒட்டியிருந்துச்சு. ஒன்கிட்ட அத்தாவப் பத்திப் பேசக் கூடாதுன்னு பெரியம்மா சொன்னாங்க. ஒனக்குத் தெரிஞ்சா நீயும் செத்துப் போயிருவ. அதான் நான் சொல்லல. யார்கிட்டயும் சொல்லல."

பிள்ளைக்கு ஒன்றும் தெரியக் கூடாது என்று பெரியவர்கள் கட்டிய வீட்டுக்குள், அம்மாவுக்கு ஒன்றும் தெரியக் கூடாது என்று அந்தப் பிள்ளை காவல் இருந்திருக்கிறது. முழங்கால் தோல் உரிந்த அன்றும் காவலை விடவில்லை. இதையா தகப்பனை மறந்துவிட்டது என்று நினைத்தோம்? நுஸைபாவுக்கு வெட்கத்தில் உடம்பெல்லாம் எரிந்தது. கையை நீட்டினாள். ரிஃபானா பின்னால் நகர்ந்தாள். அவளுக்கு இன்னும் கணக்குத் தீரவில்லை.

"ஒனக்கு எப்பத் தெரியும்?"

"மொதல்லருந்தே தெரியும். ஒன்னய கீரமங்கலம் கூட்டிட்டுப் போனாங்கள்ல, அன்னைக்கே."

"மொத நாள்லருந்தேவா?"

"ஆமாடா."

ரிஃபானா அம்மாவைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள், பொம்மை வீட்டைப் பார்த்தாள்.

"அப்ப நான் எதுக்கு இவ்வளவு நாளும் அழாம இருந்தேன்?"

நுஸைபா மறுபடி கையை நீட்டினாள்.

பிள்ளை பையை இறக்கி, ஜிப்பைத் திறந்து, டிபன் பாக்ஸுக்கும் புத்தகத்துக்கும் அடியில் கையை விட்டுத் துழாவி, ஒரு வெள்ளைக் கர்ச்சீப் சுருளை எடுத்தாள். அழுக்கேறி மூலை நைந்திருந்தது. தினமும் பள்ளிக்கூடம் போய் வந்திருக்கிறது அது. பிரித்தாள். அத்தா பொம்மை. தலை முதல் கால்வரை சுற்றி வைத்திருந்ததில் சட்டையின் சாயம் துணியில் இறங்கியிருந்தது.

"நீ பாத்துரக் கூடாதுன்னு எடுத்துட்டுப் போயிட்டேன்" என்றாள். சொல்லி முடித்ததும் வாய் கோணியது. அடுத்த நொடி ரிஃபானா அழுதாள். சேர்த்து வைத்ததெல்லாம் ஒரே மூச்சில் வந்தது. தரையில் உட்கார்ந்து, காலை உதைத்து, அத்தா அத்தா என்று வீடு அதிர அழுதாள். நுஸைபா அவளை அள்ளி எடுத்து மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டு தானும் அழுதாள். மகளுக்கு முன்னால் அவள் அழுவது இதுதான் முதல் தடவை. பிள்ளை அழுகைக்கு நடுவே தலையைத் தூக்கி, அம்மா அழுவதைப் பார்த்து, அந்தக் கண்ணீரை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு மறுபடி அழுதது.

ரமீஜா கரண்டியோடு ஓடிவந்தாள். வாசலில் பெண்கள் செருப்புகளைக் கழற்றுகிற சத்தமும் பேச்சும் கேட்டது.

"ஏ நுஸைபா, எல்லாரும் வந்துட்டாங்க. சத்தம் தெருவுக்குக் கேக்குது, ஜன்னலச் சாத்து புள்ள."

"தொறந்தே கெடக்கட்டும்க்கா" என்றாள் நுஸைபா. "எம்புள்ள அழட்டும்."